திறக்காத பெட்டி

ஜப்பானிய மொழியில் 'ட்ஸுமி-புரா' என்று ஒரு சொல் இருக்கிறது. பிளாஸ்டிக் மாதிரிப் பொம்மைகளை வாங்கிப் பெட்டியைத் திறக்காமலே கூரை முட்ட அடுக்கி வைக்கிறார்களே, அந்த அடுக்குக்குத்தான் இந்தப் பெயர். 'ட்ஸுமி' என்றால் அடுக்குதல். அதே ஓசையுள்ள இன்னொரு 'ட்ஸுமி'க்குப் பாவம் என்று பொருள். சேகரிப்பாளர்களே இந்தச் சிலேடையைச் சொல்லிச் சிரித்துக்கொள்வதுண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வேடிக்கையாகச் சொல்வதை நான் மெய்யாகவே சொல்கிறேன்: அது பாவம்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். "நாற்பது வயதில் என்ன பொம்மை?" என்று மூக்கில் விரலை வைக்கும் கூட்டத்தில் நான் இல்லை. இரவெல்லாம் சீட்டாடுகிறவனைப் பெரிய மனிதன் என்று ஒப்புக்கொள்ளும் உலகம், குறடும் உப்புத்தாளுமாக மேஜை முன் உட்கார்ந்திருப்பவனை மட்டும் ஏளனம் செய்வதில் என்ன நியாயம்? என் சண்டை பொம்மையைச் செய்கிறவனோடு அல்ல. செய்யாமல் பூட்டி வைக்கிறவனோடு.

இந்தப் பைத்தியம் பிறந்த கதையைக் கேளுங்கள். 1979 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'மொபைல் சூட் கண்டாம்' என்ற சித்திரத் தொடர் ஆரம்பமாயிற்று. இயக்கியவர் யோஷியுகி டோமினோ. மனித குலத்தில் பாதியை ஒரே மாதத்தில் மாய்த்துவிட்ட ஒரு மகா யுத்தம்; அதில் 18 மீட்டர் உயரமுள்ள இயந்திர உடலுக்குள் ஏறிப் போரிட நேர்ந்த அமுரோ ரே என்ற 15 வயதுப் பையன். பொம்மை விற்பதற்காகவே எடுத்த தொடர்தான். ஆனால் பொம்மை எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 52 வாரம் ஓட வேண்டியது 43-ஆம் வாரத்தோடு முடிந்துபோயிற்று.

அடுத்த ஆண்டு ஜூலையில் பண்டாய் நிறுவனம் அதே இயந்திரத்தை 144-இல் ஒரு பங்காகச் சுருக்கி, 300 யென்னுக்கு ஒரு பெட்டியில் போட்டு விற்றது. பெட்டிக்குள்ளே கண்டாம் இல்லை! சட்டத்தில் தொங்கும் வெள்ளைத் துண்டுகளும், கொஞ்சம் பசையும், ஒரு குறிப்புத் தாளும்தான் இருந்தன. வெட்டவேண்டும், தேய்க்கவேண்டும், ஒட்டவேண்டும், வண்ணம் பூசவேண்டும். பிள்ளைகள் பித்தாகிப் போனார்கள். 1982 ஜனவரியில் சிபா மாவட்டத்துக் கடை ஒன்றில் இதை வாங்க ஓடிய சிறுவர்கள் நகரும் படிக்கட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து காயப்பட்டார்கள்.

முடிந்த பொம்மை தோற்றது. முடியாத பொம்மை ஜெயித்தது. ஏன்? முன்னதில் பையனுக்குச் செய்ய வேலை இல்லை. பின்னதில் அவன் இல்லாமல் பொம்மையே இல்லை. எதிரிப் படையின் ஜாக்குவை வாங்கி, அதன் மேல் சேறும் துருவும் குண்டு பட்ட வடுவும் தீட்டினார்கள். டோமினோ சொன்ன யுத்தத்தின் அலுப்பைத் தங்கள் விரல்களால் புரிந்துகொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்பேர்ப்பட்ட பொருளைத்தான் நமது சேகரிப்பாளர் சீல் உடையாமல் காக்கிறார், புதையல் காக்கும் பூதம்போல!

கேட்டால் சமாதானம் சொல்வார். "விலை ஏறும்" என்பார். ஷிஸுவோக்கா தொழிற்சாலையில் பழைய அச்சுகளிலிருந்தே மறுபடி மறுபடி வார்த்து அனுப்புகிறார்கள். அடுத்த வார்ப்பு வரும் வரைக்கும்தான் பெரும்பாலான பெட்டிகளுக்கு இந்த அருமையெல்லாம். அதற்குள் காலியான அலமாரியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது யார்? சேர்த்த காசோடு வந்த ஒரு பையன்.

"என் காசு, என் இஷ்டம்" என்பார். வாஸ்தவம். நாய் பெற்ற தெங்கம்பழமும் நாயுடையதுதான்.

"ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகச் செய்வேன்" என்பார். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பதில். நெல்லளவு துண்டை இடுக்கியால் பிடித்துப் பொருத்துகிற கண்ணும், நடுங்காத விரலும் அதுவரை காத்திருக்குமா? பெட்டி கெடாது, ஐயா; நாம்தான் கெட்டுப்போவோம்.

பழைய வார்ப்பு ஒன்றிரண்டைப் பொருட்காட்சிச் சாலையில் பத்திரப்படுத்தட்டும். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வீடுகளெல்லாம் பொருட்காட்சிச் சாலை ஆவானேன்?

என் அலமாரியிலும் படிக்காத புத்தகங்கள் இருக்கின்றன. ஆகையால் இந்த வசவில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். படிக்காத புத்தகத்தை எழுதியவன் எழுதி முடித்துவிட்டான்; நான் படிக்காவிட்டாலும் அது புத்தகம். செய்யாத மாதிரி எதுவும் இல்லை. சில பிளாஸ்டிக் துண்டுகள், அவ்வளவுதான். அதைச் செய்தவன் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒருவனும் இல்லை.

இன்று இரவு ஒரே ஒரு பெட்டியைத் திறங்கள். முதல் துண்டை வெட்டியதும் அதன் சந்தை விலை போய்விடும். போகட்டும். ஒரு முழங்கை கோணலாக நிற்கும். வண்ணம் ஓரிடத்தில் வழியும். பார்க்கிறவர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். அந்தக் கோணல் வேறு எந்தப் பெட்டியிலும் கிடைக்காது.