'அம்மாவைக் கூட்டிட்டு வாங்க!' - ஏ.டி.ஹெச்.டி பரிசோதனையில் திருநர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

41 வயதில் தனக்கு ஏ.டி.ஹெச்.டி இருப்பது தெரியவந்ததாக 2024-ல் ஒரு மேடையில் சொன்னார் நடிகர் ஃபகத் ஃபாசில். 'ஆவேஷம்' பட்டையைக் கிளப்பிக்கொண்டிருந்த நேரம். செய்தியைப் படித்த கையோடு கூகுளில் தேடியவர்கள் நம்மில் நிறைய பேர். 'ஐயையோ, இது அப்படியே நான்தானே' என்று ஃபிரெண்டுக்கு ரீல்ஸ் அனுப்பியவர்களும் உண்டு.

இதே வார்த்தையை ஒரு திருநங்கையோ, திருநம்பியோ, ஆண்-பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் வராத ஒருவரோ சொன்னால் என்ன நடக்கும்? 'முதல்ல நீங்க யாருன்னு ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்' என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

துறுதுறு பையனின் நோய்

ஏ.டி.ஹெச்.டி என்பது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, உடம்பை அடக்கி உட்கார்வது, யோசித்துவிட்டுச் செய்வது ஆகியவற்றில் சிரமம் தரும் நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடு. இது சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை.

ஆனால், இதைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம் என்ன? கிளாஸில் பெஞ்ச் மேல் ஏறிக் குதிக்கும் ஒரு பையன். மருத்துவ வரலாற்றிலும் பெரும்பாலும் அவன்தான் இருக்கிறான். 1937-ல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி, நடத்தைப் பிரச்னை இருந்த 30 குழந்தைகளுக்கு பென்ஸட்ரின் என்ற ஊக்க மருந்து கொடுத்துப் பார்த்தார். இன்றைய ஏ.டி.ஹெச்.டி மருந்துகளுக்கு முன்னோடி அந்த முயற்சிதான். அந்த 30 பேரில் 21 பேர் பையன்கள்.

விளைவு, குதிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கனவில் மிதந்த பெண் குழந்தைகள் பல காலம் கணக்கிலேயே வரவில்லை. 'பொம்பளைப் புள்ள அடக்கமா உட்காரு' என்று அதட்டி வளர்க்கப்பட்ட திருநம்பிக்கும் இதே கதிதான். இன்னொரு பக்கம், கையை அசைத்தாலே, கொஞ்சம் வளைந்து நடந்தாலே கேலிக்கு ஆளாகும் ஒரு சிறுவன் (பின்னாளில் திருநங்கை) யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கல்லாகச் சமைந்து உட்காரப் பழகியிருப்பார். உள்ளே மூளை நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ரிப்போர்ட் கார்டில் 'அமைதியான மாணவன்' என்று எழுதியிருக்கும்.

பரிசோதனை அளவுகோலிலும் இதே கட்டம் உண்டு. ஏ.டி.ஹெச்.டி-க்குப் பரவலாகப் பயன்படும் கோனர்ஸ் அளவுகோல்களில் ஆணுக்குத் தனி அட்டவணை, பெண்ணுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. ஒரே பதில்களுக்கு எந்த அட்டவணையை வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஸ்கோர் மாறும். திருநம்பிக்கு எதை வைப்பது? ஆண், பெண் சேர்ந்த பொது அட்டவணை புதிய பதிப்பில் வந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்?

சின்ன வயசுக்கு சாட்சி யார்?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேடு (2013) சொல்வது இது: 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி, வேலை என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், 17 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஒரு பட்டியலில் ஐந்து அறிகுறிகளாவது இருக்க வேண்டும். நியாயமான நிபந்தனைதான். இல்லாவிட்டால் தூக்கமின்மை, வேலை டென்ஷன், மொபைல் அடிமைத்தனம் எல்லாவற்றுக்கும் ஏ.டி.ஹெச்.டி முத்திரை விழுந்துவிடும்.

ஆனால், நடைமுறையில் இது 'அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, ஸ்கூல் ரெக்கார்டு கொண்டு வாங்க' என்று மாறும். 18 வயதில் வீட்டைவிட்டு வெளியேறிய ஒரு திருநங்கையை நினைத்துப் பாருங்கள். அம்மா போனை எடுத்தே வருஷக்கணக்கு ஆகிறது. மார்க் ஷீட்டில் இருப்பது அவர் மறக்க நினைக்கும் பெயர். அந்தக் காகிதத்தை டாக்டர் மேஜையில் வைப்பதே ஒரு தண்டனை. பாதிப் பேர் அங்கேயே திரும்பி நடந்துவிடுவார்கள்.

கையேடு கேட்பது குழந்தைப் பருவத்தில் அறிகுறி இருந்ததா என்பதை. அம்மாவின் கையெழுத்தை அல்ல. கூடப் படித்த நண்பர், அக்கா, தம்பி, ஜமாத்தில் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர் என யார் சொன்னாலும் அது தகவல்தான். 'தினமும் டிபன் பாக்ஸைத் தொலைச்சுட்டு வருவா' என்று ஒரு பழைய தோழி சொன்னால், மருத்துவருக்கு அது நல்ல துப்பு.

இது பயமா, கவனச்சிதறலா?

இன்னொரு முடிச்சு இருக்கிறது. பஸ்ஸில் எந்த சீட், எந்த டாய்லெட், ரிசப்ஷனில் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களா? இப்படி நாள் முழுக்கக் கணக்குப் போடும் மூளைக்கு மீட்டிங்கில் கவனம் நிற்குமா? பதற்றம், மனச்சோர்வு, பழைய வன்முறையின் வடு எல்லாமே மறதியாகவும் படபடப்பாகவும் வெளிப்படலாம். பார்ப்பதற்கு ஏ.டி.ஹெச்.டி போலவே இருக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

பிரித்துப் பார்க்க நிதானமான விசாரிப்பு தேவை. பாதுகாப்பாக உணரும் இடத்திலும், நெருங்கிய ஃபிரெண்ட்ஸுடன் இருக்கும்போதும் இதே சிதறல் இருக்கிறதா? பாலினக் குழப்பம் என்று மற்றவர்கள் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பும் இருந்ததா? ஐந்து நிமிட ஓ.பி-யில் இதையெல்லாம் கேட்க முடியாது.

ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுப்பது

2020-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வருண் வாரியரும் குழுவினரும் 6.4 லட்சம் பேரின் தரவுகளை அலசினார்கள். பாலினப் பன்மை கொண்டவர்களிடம் ஆட்டிசம் மற்றவர்களைவிட மூன்று முதல் ஆறு மடங்கு அதிகம் பதிவாகியிருந்தது. ஏ.டி.ஹெச்.டி-யும் கூடுதலாகவே இருந்தது. இதனால் ஒன்று இன்னொன்றை உண்டாக்குகிறது என்று அர்த்தமில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சந்திப்பது அபூர்வம் இல்லை என்று மட்டுமே அர்த்தம்.

ஆனால், இந்தத் தகவலே ஆயுதமாகவும் மாறும். 2023-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநில அட்டர்னி ஜெனரல், பாலின உறுதிப்பாட்டு சிகிச்சைக்கு வருபவர்களுக்கு ஆட்டிசம் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் அவசர விதி ஒன்றைக் கொண்டுவந்தார். நீதிமன்றம் தடுத்தது, அடுத்த மாதமே விதி வாபஸானது. நம் ஊரில் அப்படி எழுதிவைத்த விதி தேவையில்லை. 'உனக்கு ஏ.டி.ஹெச்.டி, அவசர புத்தி. அதான் இப்படிப் பேசுற' என்று வீட்டிலேயே தீர்ப்பு வந்துவிடும். ஏ.டி.ஹெச்.டி இருக்கும் ஒருவர் யோசிக்காமல் பைக் புக் பண்ணலாம். பத்து, பதினைந்து வருஷமாக மாறாமல் 'நான் பெண்' என்று உணர்வதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

எனவே கேள்விகள் இரண்டு, பதில்களும் இரண்டு. 'உன் கவனம் எப்படி வேலை செய்யுது?' என்பது மருத்துவர் விடை தேட வேண்டிய கேள்வி. 'நீ யார்?' என்பதற்கு அந்த நபர்தான் பதில் சொல்ல முடியும். அது மனநோயே அல்ல என்று உலக சுகாதார நிறுவனமே ஐ.சி.டி-11 பட்டியலில் இடம் மாற்றிவிட்டது.

கையில் வைத்துக்கொள்ள...

* மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி பாலினம், பாலின ஈர்ப்பு காரணமாக சிகிச்சையில் பாகுபாடு கூடாது. உங்கள் விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் உரிமைதான்.

* 'மாற்றிக் காட்டுறேன்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2021 சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, அப்படிச் செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்துவிட்டது.

* ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஏ.டி.ஹெச்.டி-க்கான ஊக்க மருந்துகள் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியவை. ஹார்மோனுடன் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன் அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. இரண்டு பட்டியலும் ஒரே டாக்டர் கண்ணில் படுவது நல்லது.

* ஆன்லைன் டெஸ்ட்டில் 'ஆம்' வந்தால் அது டாக்டரைப் பார்க்க ஒரு காரணம், அவ்வளவுதான். நண்பரின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

* யாரிடம் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லையா? அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

இதைப் படிக்கும் நீங்கள் நண்பராகவோ, அக்காவாகவோ இருந்தால் உங்களால் முடிந்த ஒன்று உண்டு. அடுத்த முறை 'அம்மாவைக் கூட்டிட்டு வாங்க' என்று டாக்டர் சொல்லும்போது, 'நான் வர்றேன்' என்று கூடப் போங்கள்.