துளையைப் பார்த்துப் பெட்டி வாங்குங்கள்



செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மையார் சென்ற வாரம் மகனோடு என்னைக் காண வந்திருந்தார். எண்பது வயதைக் கடந்த தம் மாமியார் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் மகன் பதிவு செய்ய விரும்புகிறானாம். பாட்டிக்கோ நாளுக்கு நாள் குரல் தளர்கிறது. கைபேசியில் பதிந்தால் விசிறிச் சத்தமே முன்னால் நிற்கிறது.

"மைக்கைக் கணினியில் சேர்க்க ஆடியோ இன்டர்பேஸ் என்று ஒரு பெட்டி வேண்டுமாமே, எதை வாங்குவது வாத்தியாரையா?" என்றார்.

அவர்களுடையது பழைய மடிக்கணினி. இரண்டே யூஎஸ்பி துளைகள். மேசைக் கணினியைப் போல உள்ளே அட்டை பொருத்த இடமில்லை. ஆகவே யூஎஸ்பி பெட்டி ஒன்றுதான் வழி.

இதை நான் காசு கொடுத்துக் கற்றவன். பட்டணத்துப் பழைய சாமான் கடையொன்றில், எட்டு மைக் சேரும் பெட்டி மலிவாகக் கிடைத்ததென்று தூக்கி வந்தேன். அது ஃபயர்வையர் வகை. என் கணினியில் அந்தத் துளையே கிடையாது. கம்பியை மட்டும் மாற்றி யூஎஸ்பியில் செருகவும் முடியாது. இன்று அதன்மேல் ஊறுகாய்ச் சாடி இருக்கிறது.

யூஎஸ்பியின் வேகம் போதுமா என்று பையன் சந்தேகப்பட்டான். நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 24 பிட், இரண்டு மைக். பெருக்கினால் சுமார் 23 லட்சம் பிட். 2000ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0 வகையின் உச்ச வேகம் நொடிக்கு 48 கோடி பிட்!

சிக்கல் மின்சாரத்தில்தான். அந்தத் துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர். இரண்டு மைக் பெட்டிக்குப் பெரும்பாலும் அது போதும். ஒரு துளையைப் பலவாக்கும் ஹப்பில் மவுஸோடு பெட்டியையும் மாட்டினால், அதே மின்சாரத்தை இரண்டும் பங்கிடும். ஒலி விட்டுவிட்டு வரலாம். பெட்டியை நேரே கணினியில் செருகுங்கள். தனி டிரைவர் கேட்கும் பெட்டியானால், உங்கள் விண்டோஸுக்கு அது இன்னும் கிடைக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள்.

கண்டென்சர் மைக்குக்குப் பெட்டியில் 48 வோல்ட் பொத்தான் வேண்டும். விசிறி ஓடும் லயத்து வீட்டில், வாயருகே பிடிக்கும் டைனமிக் மைக்கே என் தேர்வு. அதற்கு அந்தப் பொத்தான் தேவையில்லை.

ஞாயிறன்று பாட்டி பாடுகிறார். தாலாட்டு வீட்டுக்குள், ஒப்பாரியை வீட்டுக்குள் பாடமாட்டாராம். தனி மின்கம்பி வேண்டாத பெட்டி என்பதால் வேப்பமரத்தடிக்கே தூக்கிப் போகலாம். அந்தப் பழைய பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குமோ, அதுதான் இப்போது பையனின் கவலை.