சங்கக்கடை யாருடையது?

ஒரு கிராமத்தின் உண்மையான பொருள்நிலையை அறிய விரும்புவோர் அதன் கோயிலையும் குளத்தையும் கண்டு திரும்பிவிடலாகாது. அங்குள்ள கடையின் கடன் கொப்பியையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஊரவர் தாமே முதலிட்டு, தாமே நடத்தும் கூட்டுறவுக் கடை வன்னியில் மீண்டும் வேரூன்றுமா என்னும் வினாவுக்கு விடை அக்கொப்பியிலேதான் இருக்கின்றது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், விசுவமடுவுக்கு அப்பால் அமைந்திருப்பது உடையார்கட்டு. குளத்தையும் அதன் கீழுள்ள வயலையும் நம்பிய ஊர். 2009 ஜனவரியில் அரசாங்கம் பாதுகாப்பு வலயமென அறிவித்த நிலப்பரப்பினுள் இவ்வூரும் அடங்கியிருந்தது. அவ்வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. மக்கள் கிழக்கு நோக்கி ஓடினர். போர் முடிந்தபின் வவுனியா முகாம்களில் அடைபட்டனர். பின்வந்த ஆண்டுகளில், கூரையற்ற சுவர்களுக்கும் காடு மூடிய வயல்களுக்கும் மீண்டனர். 2012-13ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீட்டுத் திணைக்களத்தின் கணிப்பில் முல்லைத்தீவு மாவட்ட மக்களுள் 28.8 வீதத்தினர் வறுமைக் கோட்டின் கீழிருந்தனர். நாட்டின் மாவட்டங்களுள் அதுவே மிக உயர்ந்த வீதம்.

வெறுங்கையுடன் மீண்டவர்களை முதலில் நாடி வந்தது கடன். நுண்கடன் நிறுவனங்களின் ஊழியர் கிழமைதோறும் படலையடியில் வந்து நின்றனர். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனைச் செலுத்த இயலாதிருந்த பெண்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததென்றால், அச்சுமையின் பாரத்தை நாம் உணரலாம்.

கமக்காரன் வீட்டுக்குப் பணம் வருவது மாதந்தோறுமன்று. ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் மாசி, பங்குனியில் வீடு சேரும். குளத்தில் நீர் எஞ்சியிருந்தாற் சிறுபோகமும் உண்டு. ஆனால் சீனியும் பருப்பும் மண்ணெண்ணெயும் நாள்தோறும் வேண்டும். பசளையும் கிருமிநாசினியும் உரிய வேளையில் வேண்டும். எனவே கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு கொடுக்கின்றார். சூடடித்த களத்திலேயே, ஈரம் உலருமுன், கடனுக்கு நெல் அளக்கப்படுகின்றது. விலையைச் சொல்பவர் கடன் கொடுத்தவரே. ஆக, வாங்கும்போது ஒரு நட்டம், விற்கும்போது மற்றொரு நட்டம். கடைக்காரர் கொடியவரென்று இதனால் நாம் கூறவில்லை. அவரும் பட்டணத்து மொத்த வியாபாரியிடம் கடன்பட்டவரே. குறை ஆளிலன்று, அமைப்பில் இருக்கின்றது.

இவ்வமைப்பை மாற்றும் வழியாகக் கூட்டுறவை உலகு கண்டது 1844இல். இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்தில் நெசவாளர் முதலிய 28 பேர், ஆளுக்கு ஒரு பவுண் சேமித்து, மாவும் வெண்ணெயும் சீனியும் மெழுகுதிரியும் விற்கும் சிறு கடையொன்றைத் திறந்தனர். ஆளுக்கு ஒரு வாக்கு. இலாபம் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பங்கிடப்படும். விற்பனை கைக்காசுக்கு மட்டுமே. இம்மூன்றும் அவர்களது விதிகளுள் முதன்மையானவை. சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டசாலை 1904இல் தோன்றியது. இலங்கையிலோ 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கடனுதவிச் சங்கங்களுக்கே முதலில் வழிவகுத்தது.

கடைகள் நாடெங்கும் பெருகியது 1942க்குப் பின்னர். யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அரிசி வரவு நின்றது. உணவுப் பங்கீட்டுக்காகச் சில ஆண்டுகளுள் ஆயிரக்கணக்கிற் பண்டசாலைச் சங்கங்கள் எழுந்தன. இவ்வளர்ச்சியிலேயே ஒரு நோயும் கலந்திருந்தது. ரொச்டேலில் மக்கள் கடையைத் திறந்தனர். இங்கு அரசாங்கம் திறப்பித்தது. மக்கள் அதனைக் ‘கூப்பன் கடை’ என்றே அழைத்தனர். பெயரே உண்மையைச் சொல்லிவிட்டது: அரிசி அரசாங்கத்தினது, கடையும் அரசாங்கத்தினது என்னும் எண்ணம் நிலைத்தது. எழுபதுகளின் இறுதியிற் பங்கீட்டரிசி நின்று உணவு முத்திரை வந்தபோது அக்கடைகள் பல சோர்ந்தமைக்குக் காரணம் இதுவே. போர்க்காலத்திலும் இடம்பெயர்ந்தோருக்கான உலருணவைப் பகிர்ந்தளித்தவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களே. அத்தொண்டு சிறிதன்று, எனினும் வரிசையில் நின்று பெறுபவன் தன்னை உரிமையாளனாக எண்ணுதல் அரிது.

ரொச்டேல் விதியை அப்படியே பெயர்த்து நடுவதும் பயன்தராது. கிழமைக் கூலி பெற்ற நெசவாளனுக்குக் கைக்காசு விதி பொருந்தியது. போகத்துக்கு ஒரு முறை பணங்காணும் கமக்காரனுக்கு அது கதவடைப்பாகும். கடனே கொடாத சங்கக்கடையை விட்டு அவன் பழைய கொப்பியிடமே திரும்புவான். வரையறையின்றிக் கடன் கொடுத்தாலோ கடையே மூழ்கும். ஆகவே கடை, கடன், நெற்கொள்வனவு ஆகிய மூன்றும் ஒரே கையில் இருத்தல் வேண்டும். 1957இல் அமைச்சர் பிலிப் குணவர்த்தன தொடக்கிய பலநோக்குச் சங்கத் திட்டத்தின் உட்கருத்து இதுவேயாம். அறுவடையில் நெல்லைச் சங்கமே நியாய விலைக்கு ஏற்றால், கொடுத்த கடன் தானாகவே திரும்பும். நெல்லை உலர்த்தி வைத்து விலை ஏறும்போது விற்றால் வரும் மேலதிகமும் ஊருக்கே சேரும்.

அக்கருத்தைப் பின்னாளிற் குலைத்தது பருமன் மீதிருந்த மோகம். கனடா நாட்டு லெயிட்லோ தலைமையிலான ஆணைக்குழுவின் அறிக்கையை அடுத்து, 1971இல், ஏறக்குறைய ஐயாயிரம் சங்கங்கள் 372 பெருஞ்சங்கங்களாக இணைக்கப்பட்டன. நட்டத்தில் நலிந்த சிறு சங்கங்களைக் காப்பதே நோக்கம். கணக்கு நோக்கிற் பார்த்தால் அது தவறன்று. ஆயினும் முகாமையாளர் தொலைவில் அமர்ந்தார், ஊர்க்கடை வெறுங்கிளையாயிற்று. இன்னாருக்கு இவ்வளவு கடன் தாங்கும், இன்னாரது வயல் இம்முறை நீரின்றிக் கருகிற்று என்னும் அறிவு ஊரில் உள்ளவனிடமே உண்டு. அவ்வறிவின்றிக் கடன்முறை நடவாது.

“கூட்டுறவென்றால் களவு, கட்சியென்றால் பதவி” எனச் சலிப்போரும் உளர். அச்சலிப்புக்கு நியாயம் இல்லாமலில்லை. ஆனால் யாருடைய பணமும் இல்லாத இடத்திலேதான் களவு எளிதாகும். தன் நெல் விற்ற காசிற் பங்கெடுத்தவன் கணக்குக் கேட்காதிருப்பானா? மாதந்தோறும் வரவுசெலவை ஊர்க்கூட்டத்தில் உரத்து வாசித்தல், ஒவ்வொரு வீட்டுக்கும் கடனெல்லை வகுத்தல், நிருவாகக் குழுவிற் பெண்களுக்குச் சரிபாதி இடமளித்தல் ஆகிய மூன்றும் போதும், பாதிக் களவு தொலையும். நுண்கடனின் வட்டியைக் கிழமைக் கிழமையாக எண்ணிக் கட்டிய பெண்களுக்குக் கணக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்தது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தது. கொழும்பில் எடுக்கப்படும் முடிவு உடையார்கட்டு அடுப்பில் எவ்வளவு விரைவில் எரிகின்றதென்பதை அவ்வாண்டுகள் காட்டின. அவ்வகைக் காலங்களில் ஊரின் நெல் ஊரின் களஞ்சியத்திலேயே இருத்தல் பெருங்காவலாகும்.

அரசாங்கம் கட்டடம் தரலாம், புலம்பெயர்ந்த உறவினர் பணம் அனுப்பலாம், இரண்டும் வரவேற்கத்தக்கன. ஆனால் அவை பங்குப் பணத்துக்கு ஈடாகா. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டுமாயின் வடத்தில் எல்லாக் கையும் இருத்தல் வேண்டும். ஒரு போகத்துக்கு ஒரு மூடை நெல்லேனும் வீட்டுக்கு வீடு பங்காக வைக்கும் கடையையே மக்கள் தம் கடையென்பர், அதுவே நிலைக்கும்.