எட்டாம் அலைவரிசை எவர் சொத்து?

புலம்பெயர்ந்த உறவுகளே!

அமெரிக்காவின் ஹூஸ்டன் மாநகரில், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு உரிமையான தொலைக்காட்சி நிலையம் ஒன்று உண்டு. கே.யு.எச்.டி. எனும் எட்டாம் அலைவரிசையே அது. 1953 மே 25 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய அந்நிலையமே அந்நாட்டின் முதல் பொதுக்கல்வித் தொலைக்காட்சி. "அது அமெரிக்கர்களுடைய தொலைக்காட்சி, நமக்கென்ன?" என்று ஒதுங்கி நிற்கும் தமிழ்ப் பெற்றோர் பலர். அந்த ஒதுக்கம் நமக்கு நாமே இழைக்கும் தீங்கு.

வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1952இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 242 அலைவரிசைகளைக் கல்விக்கென ஒதுக்கியது. வணிக நிறுவனங்களின் எதிர்ப்புக்கு நடுவே அதற்காக அயராது போராடியவர், ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினரான ஃபிரீடா ஹெனாக். கிழக்கு ஐரோப்பாவில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் நியூயார்க் வந்து சேர்ந்தவர் அவர். குடியேறிய குடும்பத்துப் பிள்ளை போராடிப் பெற்ற பொதுச்சொத்தை, குடியேறிய நாமே அந்நியமென்று தள்ளலாமா?

பகலில் உழைப்போரும் வீட்டிலிருந்தே பயில வேண்டும் என்பதற்காக, பல்கலைக்கழகப் பாடங்களை இரவில் ஒளிபரப்பிய நிலையம் அது. உழைத்துக்கொண்டே படிப்பதன் அருமையை நம்மினும் அறிந்தவர் எவர்?

எனினும், பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதனாலேயே எல்லாம் நலமாகிவிடாது. 1980இல், சவூதி இளவரசி ஒருவரின் மரணதண்டனை பற்றிய 'டெத் ஆஃப் எ பிரின்சஸ்' என்னும் படத்தைப் பல்கலைக்கழக நிர்வாகம் ஒளிபரப்பாமல் நிறுத்தியது. பார்வையாளர் தரப்பு நீதிமன்றம் சென்றது. நிகழ்ச்சிகளைத் தெரிவுசெய்வது நிலையத்தின் உரிமை, பார்வையாளர் அதனை வற்புறுத்த இயலாது என்று 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதிலுள்ள பாடம் தெளிவானது. முடிவெடுக்கும் இடத்தில் முன்கூட்டியே குரல் கொடாதவர், பின்னர் வழக்காடியும் பயனில்லை.

இன்று நிலைமை மேலும் கடுமையாகியுள்ளது. பொது ஒளிபரப்புக்கென ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் திரும்பப் பெற்றது. இனி இத்தகைய நிலையங்கள் உறுப்பினரின் நன்கொடையையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

"யூடியூப் இருக்க இது எதற்கு?" என்பாரும் உளர். யூடியூப் உங்கள் குழந்தையிடம் விளம்பரத்தை விற்கும். பொதுத் தொலைக்காட்சியோ ஓர் அலைவாங்கி இருந்தால் போதும், சந்தா ஏதுமின்றி ஏழை வீட்டுக்கும் எழுத்தறிவிக்கும்.

அதே ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய நம்மவர் ஊர் ஊராக நிதி திரட்டினர். போற்றத்தக்க பணி! ஆனால் இருக்கையில் விளையும் அறிவு வகுப்பறைச் சுவரைத் தாண்டி ஊரார் செவிக்கு எட்ட வேண்டாமா? அதற்கான வாயில் அதே பல்கலைக்கழகத்தின் கையிலேயே உள்ளது. அதனைத் தட்டுவதற்கு நமக்கேன் தயக்கம்?

பெற்றோரே, தமிழ் நெடுந்தொடர்களுக்குச் செலுத்தும் மாதச் சந்தாவில் ஒரு பங்கையேனும் உங்கள் ஊர்ப் பொதுத் தொலைக்காட்சிக்கு அளித்து உறுப்பினராகுங்கள். இளையோரே, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் பொதுக் கூட்டங்களுக்குச் செல்லுங்கள். நம் வரலாறும் கலையும் அத்திரையில் இடம்பெற வேண்டுமென நிலையத்துக்கு எழுதுங்கள்.

பார்வையாளராய் இருந்தது போதும். பங்காளிகளாவோம்!