டிகிரியோட நின்னுபோற ஆயிரம் ரூபாய், பி.எட். வரைக்கும் வரணும்



இந்தப் பொண்ணு உங்க தெருவிலேயே இருக்கும். அரசுப் பள்ளியில் படிச்சு, பஸ் ஏறிப் போய் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடிச்ச பொண்ணு. அப்பா லோடு ஏத்துறவர், அம்மா கூலி வேலைக்குப் போறவங்க. "அடுத்து என்னம்மா?" ன்னு கேட்டா, "டீச்சர் ஆகணும்" னு பட்டுன்னு சொல்லும். "எப்ப பி.எட். சேரப் போற?" ன்னு கேட்டா, அப்பா முகத்தைப் பார்க்கும்.

2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்ச மாணவிக்கு, கல்லூரியில் படிக்கும்போது மாசம் 1,000 ரூபாய், நேரா அவங்க வங்கிக் கணக்குக்கு. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படிச்சவங்களையும் சேர்த்தாங்க. அதுக்கு முன்னாடி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் இருந்தது திருமண உதவித் திட்டம். கழுத்துல தாலி ஏறினா ஒரு பவுன் தங்கம், பட்டதாரின்னா 50,000 ரூபாய். தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராப் பேசின அந்த அம்மையார் பேரு, கல்யாணத்தை விடப் படிப்புக்குத்தான் பொருத்தம். அந்த மாற்றம் சரியான மாற்றம். அதுல நமக்கு ரெண்டு கருத்து இல்லை.

ஆனா அந்தத் திட்டத்தோட வரையறையைப் படிச்சுப் பாருங்க: இளநிலைப் பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. முடியும் வரை. பொறியியல் படிக்கிற பொண்ணுக்கு இது போதும், நாலு வருஷம் முடிஞ்சதும் வேலைக்குப் போகலாம். உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் ஆக நினைக்கிற பொண்ணுக்கு டிகிரி பாதி வழிதான். அதுக்கு மேல பி.எட். இருக்கு. ஒரு வருஷமா இருந்த பி.எட்., 2015-ல் ரெண்டு வருஷமா ஆயிடுச்சு. தரம் கூடணும்னு செஞ்சாங்க, அதைக் குறை சொல்லலை. கூடின அந்த ஒரு வருஷத்துச் செலவு யார் தலையில விழுதுன்னுதான் கேட்கிறோம்.

பி.எட். படிச்சவங்களுக்குத் தெரியும். ரெண்டு வருஷத்துல மொத்தம் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. அதுல 16 வாரம் ரெண்டாம் வருஷத்துல. தினமும் காலையில் பள்ளியில் நிக்கணும், புடவை கட்டணும், பாடக் குறிப்பு எழுதணும், சார்ட் வாங்கணும், ரெக்கார்டு நோட்டு முடிக்கணும். டிகிரி படிக்கும்போது சாயங்காலம் துணிக்கடையிலோ டியூஷன் சென்டர்லயோ நின்னு சம்பாதிச்ச பொண்ணால, இந்த மாசங்கள்ல அதைச் செய்ய முடியாது. டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். கல்வியியல் கல்லூரி இருக்கிற தூரத்துக்கு டவுன் பஸ் போகாதே! அரசு கல்வியியல் கல்லூரி மாநிலம் முழுக்க ஏழு. அரசு உதவி பெறுவதையும் சேர்த்தா 21. மத்ததெல்லாம் தனியார்.

வீட்டுல பேச்சு மாறுறதும் அந்த நேரத்துலதான். வயசு 21. "டிகிரிதான் முடிச்சாச்சே, வர்ற வரனைப் பார்த்து முடிச்சிடலாம்." இதைச் சொல்ற அப்பா கெட்டவர் இல்லை. கையில காசு இல்லாதவர்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே சென்னையில் இதுக்கு ஒரு வழி கண்டாங்க. சின்ன வயசுலயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911-ல் பட்டம் வாங்கினார். அதுக்கப்புறம் இளம் கைம்பெண்களைச் சேர்த்து ஒரு விடுதி நடத்தினார். கடற்கரையில் இன்னைக்கு விவேகானந்தர் இல்லம்னு சொல்றோமே, அந்த ஐஸ் ஹவுஸ்தான் பிறகு அந்த விடுதி ஆச்சு. தங்க இடம், சாப்பாடு, உதவித்தொகை, பயிற்சி, கடைசியில ஆசிரியர் வேலை. 1922-ல் தொடங்கின லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் அவரே முதல்வர். அந்த விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டும்தான் இருந்தது, அதையும் சொல்லாம விடக்கூடாது. ஆனா பாதி வழியில இறக்கிவிடாம வேலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க பாருங்க, அதைத்தான் இன்னைக்கு எல்லாச் சாதிப் பொண்ணுங்களுக்கும் கேட்கிறோம்.

பணம் எங்கேன்னு கேட்பாங்க. கணக்குப் போடுவோம். அந்த 21 கல்லூரியில் ஆண்டுக்குச் சுமார் 2,000 இடம். ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து 4,000 பேர். அத்தனை பேரும் பெண்கள்னே வச்சுக்கிட்டாலும், ஆளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய்னா 4 கோடியே 80 லட்சம். புதுமைப் பெண் திட்டத்துக்கு 2022 பட்ஜெட்டில் ஒதுக்கினது 698 கோடி. தனியார் கல்லூரியில் படிக்கிற ஏழைப் பொண்ணுங்களையும் சேர்த்தா தொகை கூடும், கூடட்டும். முதல் படியா இந்த 21 கல்லூரியில் ஆரம்பிக்கலாமே.

"டெட் பாஸ் பண்ணினவங்களுக்கே வேலை இல்லை, இன்னும் ஏன் டீச்சர்?" என்பது நியாயமான கேள்வி. காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லி நாம கேட்கணும், கேட்டுக்கிட்டே இருக்கணும். ஆனா வேலை குறைவா இருக்கும்போது உதவித்தொகையும் இல்லைன்னா, வசதி உள்ள வீட்டுப் பிள்ளை மட்டும்தான் வரிசையில் நிக்கும். நாளைக்கு அரசுப் பள்ளி வகுப்பறையில், தன்னை மாதிரி வீட்டுல இருந்து வந்த ஒரு டீச்சரை நம்ம பிள்ளைங்க பார்க்கவே மாட்டாங்க.

கோரிக்கை ஒன்றுதான்: புதுமைப் பெண் உதவி பெற்ற மாணவி பி.எட். சேர்ந்தா, அந்த ரெண்டு வருஷமும் அது தொடரணும். பயிற்சி மாசங்கள்ல இரட்டிப்பாத் தரணும்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் தோழர்களே. உங்க வார்டுல இந்த வருஷம் டிகிரி முடிக்கிற பொண்ணுங்க யார் யார்னு பாருங்க. எஸ்.சி., எஸ்.டி. மாணவிக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்குன்னு பல வீட்டுக்குத் தெரியாது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. வங்கிக் கணக்குல ஆதார் இணைஞ்சிருக்கான்னு இப்பவே பார்க்கச் சொல்லுங்க, பணம் நிக்கிறது பெரும்பாலும் அங்கதான். அரசு கல்வியியல் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்னைக்குன்னு குறிச்சு வச்சு, ஒரு வாரம் முன்னாடியே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்க. அப்பாகிட்டயும் உட்கார்ந்து பேசுங்க.