கழுகுமலையில் செருப்பைக் கழற்றுவது ஏன்?

சாமி இருக்கா இல்லையான்னு கேட்டா, "தெரியலை"ன்னுதான் சொல்வேன். இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. ஊரில் "படிச்ச திமிரு" என்கிறார்கள். சென்னை நண்பர்களுக்கோ விவசாயி என்றால் அய்யனாரை நம்ப வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புச் சட்டை போட வேண்டும். மானாவாரிக்காரனுக்குத் 'தெரியலை' என்பது புதுசு ஒண்ணும் இல்லை. புரட்டாசியில் விதைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை வருமா? தெரியாது. தெரியாமல்தான் உளுந்தை மண்ணில் போடுகிறோம். சித்திரையில் பொன்னேர் பூட்டும்போது நானும் ஊரோடு நிற்பேன். கும்பிடுவதில்லை, திருநீறு கொடுத்தால் வேண்டாம் என்பதும் இல்லை.

அம்மா ஒருநாள் கேட்டாள்: "ஏய்யா, கோயிலுக்கு வந்தா வெளியவே நிக்க. கழுகுமலைப் பாறையில மட்டும் எதுக்குச் செருப்பக் கழத்துத?"

சட்டென்று பதில் வரவில்லை. அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கயத்தாறிலிருந்து கழுகுமலை கிட்டத்தான். பைக்கில் போய்விடலாம். வெளியூர்க்காரர்கள் கீழே முருகனைக் கும்பிட்டு, மேலே ஏறி வெட்டுவான் கோயிலைப் படம் பிடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். குறை சொல்லவில்லை. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி, முடிக்காமலே விட்டுப்போன அந்தக் கோயிலைப் பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாதுதான். நான் போவது அதையும் தாண்டி, சமணச் சிற்பங்கள் இருக்கிற சரிவுக்கு. வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பாம்பு குடை பிடிக்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகை. பாண்டியர் காலம், 8, 9-ஆம் நூற்றாண்டு வேலை. பல சிற்பங்களுக்கு அடியில் ஒன்றிரண்டு வரி வட்டெழுத்து.

வட்டெழுத்து அட்டவணை ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வேலை இல்லாத நாட்களில் போய் உட்கார்ந்தேன். முதலில் எல்லாமே புழு நெளிந்த மாதிரி இருந்தது. பகரமும் வகரமும் ஒன்றுபோலத் தெரியும். மெய்க்குப் புள்ளி கிடையாது; நாமே வைத்துப் படிக்க வேண்டும். பல வரிகள் 'செய்வித்த திருமேனி' என்று முடியும் என்று படித்திருந்தேன். ஆகவே வாலைப் பிடித்துக்கொண்டு தலைக்கு வந்தேன். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, 'மாணாக்கர்' என்ற சொல் தானாக எழுந்து நின்றது. அன்றைக்கு வந்த சந்தோஷம் பருத்திக்கு நல்ல விலை கிடைத்த வருஷத்தில்கூட எனக்கு வந்ததில்லை. பக்கத்தில் ஆள் இல்லை, இருந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன்.

இந்த வரிகள் சொல்வதெல்லாம் யார் அந்தச் சிற்பத்தைச் செய்வித்தார்கள், அவர் யாருடைய மாணாக்கர் என்பதுதான். ராஜா பெருமை அதில் இல்லை. ஆண் ஆசிரியர்கள் மட்டுமில்லை, குரத்தியர் என்ற பெண் ஆசிரியர்களும் வருகிறார்கள். திருச்சாரணத்துக் குரத்தியர் உண்டு. திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால். அங்கே பாடம் சொன்ன பெண்ணின் பெயர் இங்கே கரிசல் நாட்டுப் பாறையில் நிற்கிறது. எங்க ஆச்சி நிலப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவள். 1,100 வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் ஒரு பெண் வாத்தியார்! நடுவில் என்னதான் நடந்தது நமக்கு?

இன்னொன்று. உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் சமணத்தில் கிடையாது. எந்த உண்மையையும் ஒரே பக்கமிருந்து முழுசாகப் பார்த்துவிட முடியாது என்பதை அநேகாந்தவாதம் என்று தத்துவமாகவே வைத்திருந்தார்கள். அவர்கள் என்னைப் போல் தெரியலைக் கூட்டம் இல்லை. கர்மம், மறுபிறவி எல்லாம் உறுதியாக நம்பியவர்கள். ஆனாலும் படைத்தவன் ஒருவனை வைக்காமலே ஒரு மலையைப் புனிதமாக்க முடிந்திருக்கிறது. 'பள்ளி' என்ற சொல்லே துறவிகள் தங்கிய இடத்தைக் குறித்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் நாம் அதை நினைப்பதில்லை.

புனிதம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. இதே மலையடிவாரத்தில் 1895-ல், எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு கலவரமாகி உயிர்கள் போயின. தேர் புனிதம், வீதி புனிதம், மனுஷன் மட்டும் இல்லை என்று ஆகிவிட்டது. மேலே பாறையில் எழுதியிருக்கும் பெயர்களால் யாரும் யாரையும் வெட்டிக்கொண்டதாக நான் படித்ததில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாருக்குக் கழத்துதேன்னு சொல்லிட்டுப் போவேண்டியதுதான, இதுக்கு எதுக்கு இம்புட்டுக் கத?" என்றாள். அப்புறம், "அந்த அம்பிகைக்கு ஒரு முழம் பூ வாங்கிட்டுப் போ" என்றாள். போன தடவை வாங்கிக்கொண்டு போனேன். வைக்கும்போது கூச்சமாக இல்லை.

நகரத்திலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெறுங்காலில் பாறை சுடும். ஆணியால் பெயர் கீறி இதயப் படம் போடுகிறவர்களை அங்கே பார்த்தால் தயவுசெய்து தடுங்கள். பெயர் எழுதும் ஆசை அன்றைக்கும் இருந்தது. ஆனால் அன்றைக்குத் தன் பெயரோடு வாத்தியார் பெயரையும் சேர்த்து எழுதினார்கள்.

கீழ் வரிசையில் மழை அரித்த ஒரு வரி இருக்கிறது. நடுவில் வருவது பகரமா வகரமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உளுந்து எடுத்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.