போர்க்லிப்ட் சாவி யார் கையில்? கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் குடோன்களில் உயிரோடு விளையாட்டு

கும்மிடிப்பூண்டி,

ராத்திரி 2 மணி. லோடு இறக்க லாரி வந்து நிற்கிறது. போர்க்லிப்ட் டிரைவர் அன்றைக்கு லீவு. சாவி வண்டியிலேயே தொங்குகிறது. "ஒரு லோடு தானேப்பா, நீயே தூக்கி வை" என்று சூப்பர்வைசர் சொல்ல, ஹெல்பர் ஏறி உட்காருகிறார். குடோனில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த காட்சி புதிது அல்ல. ஒரு உயிர் போவதற்கு இது போதும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை சிப்காட், காக்களூர் சிட்கோ, செங்குன்றம், சோழவரம் பக்கம் உள்ள குடோன்கள் என்று திருவள்ளூர் மாவட்டம் முழுக்க சரக்கு தூக்குவது இந்த வண்டிதான்.

2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூர் அனல் மின் நிலைய கட்டுமான பணியில் சாரம் சரிந்து வட மாநில தொழிலாளர்கள் 9 பேர் பலியானபோது நாடே திரும்பி பார்த்தது. போர்க்லிப்ட் விபத்து அப்படி அல்ல. ஒரு ஆள் சாவார், அல்லது ஒருவர் கால் போகும். சத்தம் இல்லாமல் அமுங்கி விடும்.

கார் ஓட்ட தெரிந்தால் போதுமா?

போதாது. 3 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல். லோடோடு சேர்த்தால் 7 டன் தாண்டும். காரில் முன் சக்கரம் திரும்பும். இதில் திரும்புவது பின் சக்கரம். ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். பக்கத்தில் நிற்பவர் ரேக்குக்கும் வண்டிக்கும் நடுவே நசுங்குவது இப்படித்தான்.

3 டன் என்று எழுதி இருந்தாலும் எல்லா லோடையும் 3 டன் தூக்காது. லோடின் நடுப்பகுதி போர்க்கின் அடியில் இருந்து 50 சென்டி மீட்டருக்குள் இருந்தால்தான் அந்த கணக்கு. நீளமான பெட்டி என்றால் தூக்கும் சக்தி குறையும். வண்டியில் உள்ள தகட்டை படித்தால் தெரியும்.

கம்பெனி வளாகத்துக்குள் மட்டும் ஓடும் இந்த மாதிரி வண்டி, மோட்டார் வாகன சட்டத்தின் கணக்கில் வராது. ஆர்.டி.ஓ. உள்ளே வந்து பார்க்க மாட்டார். யார் ஓட்டுவது என்பது நிர்வாகத்தின் கையில்.

உயிர் காக்கும் விஷயங்கள்

* லோடோடு போகும்போது போர்க் தரையில் இருந்து 15 முதல் 20 சென்டி மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உயர தூக்கியபடி திரும்பினால் கவிழும்.

* லோடு கண்ணை மறைத்தால் ரிவர்சில் ஓட்ட வேண்டும்.

* சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் லோடு மேட்டு பக்கம் இருக்க வேண்டும். சரிவில் வண்டியை திருப்பவே கூடாது.

* ஆளை பேலட்டில் நிற்க வைத்து தூக்க கூடாது. தூக்கிய லோடுக்கு அடியில் போக கூடாது.

* வண்டி கவிழ்ந்தால் குதிக்க கூடாது. குதிப்பவர் மீதுதான் தலைக்கு மேல் உள்ள கூண்டு விழும். பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கை இறுக்கி பிடித்து, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும்.

* இறங்கும்போது போர்க் தரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, சாவி கையில்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொருள் தயாரிக்காத வெறும் குடோன், முன்பு இருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் தொழிற்சாலை ஆகவில்லை. இந்த ஓட்டையை அடைக்க வழி வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்பு சட்ட தொகுப்பு, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் வியாபார இடங்களுக்கும் பொருந்தும். ஆபத்து இல்லாத வேலை இடமும், பாதுகாப்பு பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை.

நம்ம ஊர் ஆள் சிங்கப்பூர் போனால் பயிற்சி முடித்து சான்றிதழ் வாங்கிய பிறகுதான் போர்க்லிப்ட் ஓட்ட முடியும். அமெரிக்காவில் 3 ஆண்டுக்கு ஒரு முறை டிரைவரின் திறமையை மறுபடி சோதிக்க வேண்டும்.

விபத்து நடந்தால் "உன்னை யார் ஓட்ட சொன்னது?" என்று கை கழுவ பார்ப்பது உண்டு. தொழிலாளி பயப்பட வேண்டாம். உத்தரவு இல்லாமல் ஓட்டி இருந்தாலும், கம்பெனி வேலைக்காக ஓட்டியது என்றால் இ.எஸ்.ஐ. உரிமை போகாது. வேலைக்கு போக முடியாத காலத்துக்கு சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும்.

ஆனால் போன கால் திரும்ப வராது. பயிற்சி பெற்றவர் பெயரை தமிழ், இந்தி, ஒடியாவில் எழுதி சுவரில் ஒட்டி, சாவியை அவர்களிடம் மட்டும் கொடுக்க பெரிய செலவு ஆகாது. அவர் லீவு என்றால் லாரி விடியும் வரை காத்திருக்கட்டும். லாரி நின்றால் வாடகை நஷ்டம், அவ்வளவுதான்.